பதினேழாம் எண் குழாய்

குழாயைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் புனிதா. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். அடியில் யாரோ ஒருவருடைய எச்சில், நுரையோடு. ஒருமுறை பார்த்தது போதாதென்று வெள்ளைத் தாள் ஒன்றைப் பின்னால் வைத்து இன்னொரு முறை பார்க்கிறாள். எச்சிலைக் கொடுத்த பெரியவர் எதிர் நாற்காலியில் கூச்சத்தோடு நெளிகிறார்.

"என்னா மிஸ், ஏதும் பிரச்சினையா?"

"இல்ல அங்கிள். கலர் பாக்குறேன்."

நிறமே இல்லை என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் குழாய் ஐஸ் பெட்டிக்குள் போகும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் "சாரி அங்கிள், நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவராக இருந்தாலும் சரி. ஏசினால் வாங்கிக்கொள்வாள்.

ஆய்வுக்கூடம் கோலாலம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுநோயை ஆராயும் இடம். புனிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. டாக்டர் இல்லை, ஆய்வு அலுவலர். பதினாறு வருடமாக நோயாளிகளிடமும் நோயில்லாதவர்களிடமும் எச்சில் வாங்குகிறாள், அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துணுக்குகளை உறையவைத்துக் காக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அண்ணன் விமலனுக்கு இது தீராத வேடிக்கை. "எங்கப்பா ரயில்வே கிராணி, என் தங்கச்சி எச்சில் கிராணி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிடுவார்; கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு இரண்டாவது தோசையைக் கருக்கிப் போடுவாள்.

மேலங்கிப் பையில் எந்நேரமும் நான்கு மார்க்கர் பேனா இருக்கும். எதைக் கண்டாலும் எழுதி ஒட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டுக் குளிர்பெட்டியில் புளிக்குழம்பு டப்பாவில்கூடத் தேதியும் நேரமும் இருக்கும். ஒரு தீபாவளிக்கு முறுக்கு டின்னில் 'தொகுதி 2' என்று ஒட்டிவைத்திருந்தாள். வந்த உறவுக்காரர்கள் தொகுதி 1-ஐத் தாங்கள் வருமுன்னே யார் தின்றுவிட்டார்கள் என்று கேட்டார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்களுக்கென்று அவளிடம் ஒரு ஜாகா கதை உண்டு. ஜாகா என்றால் இங்கே காவல்காரர்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரு ஜாகா இருக்காரு. செல்லு கண்டபடி பெருக ஆரம்பிச்சா, நிறுத்துன்னு ஒரு சீட்டு எழுதி ஆபீசுக்கு அனுப்புவாரு. சீட்டைப் படிச்சதும் அவங்க ஆளை அனுப்பி நிறுத்திடுவாங்க. கேன்சர் வந்தவங்கள்ல சில பேருக்கு அந்த ஜாகாவுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பாரு, சீட்டும் எழுதியிருப்பாரு. நடுவுல ஒருத்தன் அதைச் சுருட்டிப் பாக்கெட்ல வச்சிக்குவான். ஆபீசுக்குச் சீட்டே வராது. வராத சீட்டை யாரு படிக்கிறது?"

ஜாகா என்று அவள் சொல்வது புற்றைத் தடுத்து வைக்கும் மரபணுவை. சீட்டைச் சுருட்டுகிறவன்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அதில் எத்தனையோ வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். புனிதா அதிகம் துரத்தியது இருபத்தொன்றாம் எண்ணை. பக்கத்து வீட்டு அடங்காத ஆளைச் சொல்வதுபோல "இந்த இருபத்தொண்ணு இருக்கே" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். புற்று வந்த வாயில் பெரும்பாலும் அது எகிறிக் கிடக்கும். எச்சிலில் அதை அளந்தே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அந்தக் கூடத்தின் ஆராய்ச்சி.

ஜாகா கதையை முதன்முதலில் கேட்டு ரசித்தவர் மாரியாயி. கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ரவாங்கில் குடியேறி, குத்தகைக் கம்பெனி மூலமாக அந்த மாடியைக் கூட்டித் துடைக்க வந்தவர். புனிதாவுக்குப் பதின்மூன்று வயது மூத்தவர். கதையைக் கேட்டுவிட்டு, துடைப்பத்தின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு, "அப்ப அந்த ஜாகா பாவம்லா. வேலை செஞ்சும் கெட்ட பேரு" என்றார்.

ஆறு வருடம் இருவரும் சேர்ந்துதான் காலைத் தேநீர் குடித்தார்கள். ஏழே முக்காலுக்குப் புனிதா வரும்போது அவள் கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள் தொங்கும். தனக்குப் பால் விட்ட தே தாரிக், மாரியாயிக்குச் சீனி போடாத தே ஓ கோசோங். கடைக்காரரே கேட்காமல் கட்டிக் கொடுத்துவிடுவார்.

தேநீர் குடிக்கும் நேரம் தவிர மாரியாயியின் கன்னத்தில் வெற்றிலை அடங்கியிருக்கும், புகையிலையோடு. ஆய்வுக்கூடத்தின் வாசலில் வெற்றிலையால் வரும் கேட்டைச் சொல்லும் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அந்தக் கண்ணாடியைத் தினமும் பளிச்சென்று துடைத்து வைத்தவர் மாரியாயிதான். "அதைத் துப்புங்கக்கா" என்று புனிதா நூறு முறை சொல்லியிருப்பாள். "துப்பிட்டா வாய் சும்மா இருக்காதும்மா. யாரையாச்சும் ஏசும்" என்று கறைப் பற்களைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பார். எப்போது சிரித்தாலும் அந்தக் கை வாய்க்குப் போய்விடும்.

போன வருடம் மார்ச் மாதம். ஆய்வுக்கு நோயில்லாதவர்கள் நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். முப்பத்தொன்பது பேர் வந்தாயிற்று. பதினேழாவதாகப் பெயர் கொடுத்திருந்த அம்மாள் மட்டும் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கையை முடித்தாக வேண்டும். ஐம்பது வயது தாண்டிய பெண் ஒருவர் உடனே வேண்டும். விதிகள் மூன்று: வெற்றிலை போடாதவராக இருக்கவேண்டும், ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பல் டாக்டர் வாய்க்குள் பார்த்து நோயில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும்.

"அக்கா, நீங்க வெத்தலையை விட்டுட்டீங்கதானே?" என்று கேட்டாள் புனிதா. எந்தப் பதில் வேண்டும் என்பது அவள் கேட்ட விதத்திலேயே இருந்தது.

மாரியாயி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "தைப்பூச விரதத்துக்கே விட்டாச்சும்மா."

தாளில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது.

பல் டாக்டர் அன்று காலை அறுவை அறையில் இருந்தார். டார்ச் மேசை மேலேயே கிடந்தது. வாய்க்குள் பார்க்கப் புனிதாவும் பயிற்சி பெற்றவள்தான், சந்தேகம் என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் "ஆ சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆனால், தினமும் "சாப்ட்டியாம்மா" என்று கேட்கிறவரிடம், கறையை மறைக்கக் கை வைத்தே சிரிக்கிறவரிடம், வாயைத் திறங்கள், பார்க்கவேண்டும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மரியாதைக் குறைவாகப் பட்டது. வாய் நன்றாக இருக்கிறது என்று தானே எழுதி, மற்றத் தாள்களோடு அடுக்கி வைத்தாள். சாயங்காலம் டாக்டர் கட்டோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாரியாயி துப்பிக் கொடுத்த எச்சில் லேசான இளஞ்சிவப்பாக இருந்தது.

"என்னக்கா, செவப்பா இருக்கு?"

"கீழ கடையில சிராப் பண்டுங் குடிச்சேன்மா."

சிராப் பண்டுங் என்பது ரோஜா சர்பத்தில் பால் கலந்த பானம், நல்ல இளஞ்சிவப்பு. மணி அப்போது காலை ஒன்பது. அவர் சொன்னது உண்மையாக இருந்தாலும் விதிப்படி அந்தக் குழாயைக் கொட்டிவிட்டு மறுநாள் வரச் சொல்லியிருக்கவேண்டும். "சரிக்கா" என்றாள் புனிதா. குழாய் சுழல் இயந்திரத்துக்குள் போனது. சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தது. தெளிந்ததை மட்டும் எடுத்து, பதினேழு என்று எழுதி ஒட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கு வந்தது. கணினித் திரையில் நோயில்லாதவர்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக அடியில் கும்பலாக இருந்தார்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியே ஏறிப்போய் நோயாளிகளின் நடுவே நின்றது. அந்த எச்சிலில் இருபத்தொன்று அப்படி எகிறியிருந்தது.

"யாரு இந்தப் பதினேழு?" என்றார் ஆய்வுத் தலைவர் டாக்டர் கிரிதரன்.

பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதி. காரணம் சொல்ல எந்த விதியும் தடையில்லை. "அவங்க அன்னிக்குப் பண்டுங் குடிச்சிருந்தாங்க டாக்டர். சாம்பிள் கிளீன் இல்ல."

"அப்பத் தூக்கிடுங்க."

தூக்கிவிட்டார்கள். நாற்பது முப்பத்தொன்பது ஆயிற்று. ஆய்வறிக்கையின் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்ந்தது. பிறகு எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள், புனிதாவும் போனாள். வாழையிலைச் சாப்பாடு, நண்டு வறுவல் நன்றாக இருந்தது என்பதுகூட அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் வெட்கம்.

ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒருவருக்குப் புற்று என்று சொல்லிவிட முடியாது. அது இன்னும் ஆராய்ச்சிதான், பரிசோதனை அல்ல. இது யாரைவிடவும் புனிதாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளி ஏன் அங்கே போனது என்று யோசித்து, யாராவது அந்த டார்ச்சைக் கையில் எடுத்திருந்தால் போதும். அந்த யாராவது அவளாகத்தான் இருந்திருக்க முடியும். அந்த எண்ணுக்குரிய முகத்தை அறிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதம் குத்தகைக் கம்பெனி மாறியது. மாரியாயி வேலையைவிட்டுப் போனார். போன் நம்பர் இருந்தது. இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று மாதங்கள் ஓடின.

அறுவைக்கு முந்தின நாள் நோயாளியிடம் போய், வெட்டி எடுப்பதில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவதும் புனிதாவின் வேலை. இந்த வருடம் பிப்ரவரியில் அப்படித் தாளும் பேனாவுமாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனாள். பதினொன்றாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"அட, நம்ம புனிதா!"

வார்த்தை குழறியது. இடது கன்னம் கல்லாக வீங்கியிருந்தது. புனிதா என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. தாளை மட்டும் நீட்டியிருக்கிறாள்.

"ஒனக்கா வேணும்? எடுத்துக்கோம்மா. எனக்கு அது எதுக்குலா" என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் மாரியாயி.

அன்று புனிதா லிஃப்டில் இறங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் படிக்கட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

இடது கன்னத்தின் உட்சதையும் தாடையெலும்பில் ஒரு துண்டும் போயின. தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். "போன வருஷமே வந்திருந்தா நகத்தளவு எடுத்துட்டு விட்டிருப்போம்" என்று அறுவை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே யாரிடமோ சொன்னார். ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றிருந்த புனிதாவின் காதிலும் அது விழுந்தது.

துணுக்கை அவளேதான் அளந்தாள். இருபத்தொன்று எகிறிக் கிடந்தது. காவல் மரபணுவில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை, அது செய்யவேண்டிய புரதம்தான் இல்லை. ஜாகா விழித்துக்கொண்டுதான் இருந்தார். புனிதா உறைபெட்டியைத் திறந்து, நான்காம் தட்டிலிருந்து பதினேழாம் குழாயை எடுத்து, கையுறை வழியாகக் குளிர் ஏறும்வரை வைத்திருந்துவிட்டு, மறுபடி அதன் இடத்திலேயே வைத்தாள். குழாயைச் சன்னலில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அதற்கு மறுநாள் தொடங்கியதுதான்.

டாக்டர் கிரிதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "தூக்கச் சொன்னது நான்தானே புனிதா. கையெழுத்துப் போட்டது இன்னொருத்தரு. ஆராய்ச்சி நெறிக்குழுவுக்கு எழுதுவோம். ஆனா அவங்கள்ட்ட நீங்களா போய்ச் சொல்லாதீங்க. அதுக்கு ரூல்ஸ் இருக்கு" என்றார். நல்ல மனிதர். அவள் பாரத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளத்தான் பார்த்தார். பாரம் குறையவில்லை.

சனிக்கிழமை தோறும் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி ரவாங்கில் மாரியாயி வீட்டுக்குப் போகிறாள். பையில் மிக்ஸியில் அரைத்த கஞ்சி, டப்பாவில் தேதி எழுதி ஒட்டியிருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று செகாம்புட் நிலையத்தில் தீர்மானிப்பாள். சுங்கை பூலோ தாண்டும்போது வாக்கியங்களைக் கோத்து வைப்பாள். மாரியாயி கதவைத் திறந்து "வாம்மா, வெயில்ல வந்திருக்கே" என்றதும் கோத்ததெல்லாம் அவிழ்ந்துவிடும். சொல்லாமல் அந்த வீட்டுத் தேநீரைக் குடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டால் அந்தக் கதவு மறுபடி திறக்குமா என்று பயம். திரும்பும் ரயிலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வருவாள்.

போன செவ்வாய்க்கிழமை மாரியாயியின் ஆறாம் மாதப் பரிசோதனை. அறுவைக்குப் பிறகு இருபத்தொன்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எச்சில் வேண்டும். அவரே மாடியேறி வந்தார். வாசலில் நின்று படத்தின் கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கதிர்சிகிச்சை அவர் வாயைக் காயவைத்துவிட்டது. முன்பு ஒரே துப்பில் நிறைந்த குழாயில் இப்போது சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் அடிகூட நனையவில்லை. குழாயை உதட்டில் வைத்தபடி குனிந்திருந்தார். அப்படிக் குனிந்திருந்ததால்தானோ என்னவோ, புனிதாவுக்கு வாய் வந்தது.

"அக்கா, போன வருஷம் ஒரு எச்சில் குடுத்தீங்களே. அதுல நம்பர் ஏறியிருந்துச்சு. எல்லாருக்கும் மேல. எனக்கு அது நீங்கன்னு தெரியும். பண்டுங் குடிச்சாங்கன்னு சொல்லித் தூக்க வச்சது நான்தான். நடுவுல சீட்டைச் சுருட்டிப் பாக்கெட்ல வச்சவ நான்தான்கா."

மாரியாயி நிமிரவில்லை. இன்னொரு சொட்டு விழுந்தது.

"எனக்கு எத்தன வருஷமா சீனி வியாதி?" என்றார், குழறலாக.

"பன்னண்டு வருஷம்."

"ஆறு வருஷம் எனக்குக் கோசோங் வாங்கியாந்தது யாரு?"

"நான்தான்கா."

"அப்ப, பண்டுங்னு நான் சொன்னப்ப நீ நம்புனியா?"

புனிதா இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்கவிடாமல் வைத்திருந்தாள். "இல்லக்கா" என்றாள்.

"கன்னத்துல அப்பவே ஒரு எரிச்சல் இருந்துச்சும்மா. மொளகா பட்டா உசுரு போகும். நீ பாத்துட்டு ஏதாச்சும் சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "நீ பாக்கலைன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. குழாயை மூடி நீட்டினார். அடியில் ஒரு பொட்டுத்தான் இருந்தது. புனிதா வாங்கிக்கொண்டாள். கை பழக்கப்படி சன்னலுக்கு உயர்ந்தது. பாதியில் இறக்கி, பார்க்காமலே ஐஸ் பெட்டியில் வைத்தாள். பிறகு மேசையிலிருந்த டார்ச்சை எடுத்தாள்.

"வாயைத் தொறங்கக்கா."

மாரியாயியின் கை வாயை மறைக்க எழுந்தது. உதட்டருகே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மடியில் இறங்கியது. இரண்டு விரலளவுதான் திறக்க முடிந்த வாயை, அவர் திறந்தார்.